கோமெட் தோற்றது தாமதத்தால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரின் ஆயுதங்கள் குறித்து உங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் தொடரில், ஜெர்மனியின் ராக்கெட் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் மீ 163 கோமெட்டுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். தமிழ் நாளிதழில் இப்படியொரு பொருளுக்கு இவ்வளவு இடம் கிடைப்பது அரிது. அதற்கு நன்றி. ஆனால் இந்த விமானம் ஓராண்டு முன்பே களமிறங்கியிருந்தால் நேச நாடுகளின் குண்டுவீச்சு நின்றுபோயிருக்கும் என்று கட்டுரை முடிந்திருப்பதை அப்படியே விட்டுவிட முடியவில்லை. மாணவர்களும் படித்து எடுத்து வைத்துக்கொள்ளும் தொடர் இது. கோமெட் ஏன் தோற்றது என்பதற்கான விடை போரின் கடைசி மாதங்களில் இல்லை. 1942 முதல் அந்த விமானத்தைச் சோதித்து, அதில் விமானிகளைப் பழக்கிய ஒரு சிறு பிரிவின் அனுபவத்திலேயே அது முழுக்கக் கிடைக்கிறது. கட்டுரையில் அந்தப் பிரிவின் சரியான பெயர்கூட வரவில்லை.

அதன் பெயர் எர்ப்ரோபுங்ஸ்கொமாண்டோ 16. ஜெர்மன் விமானப்படை ஒவ்வொரு புது விமானத்துக்கும் இப்படி ஒரு சோதனைப் பிரிவை அமைத்தது. தொழிற்சாலையின் சோதனை விமானி விமானம் பறக்கிறதா என்று பார்ப்பார். படை விமானியால் அதை ஓட்ட முடியுமா, மைதானத்துப் பணியாளரால் அதற்கு எரிபொருள் நிரப்ப முடியுமா, எந்த உறுப்பு எத்தனை தடவைக்குப் பிறகு உடைகிறது, பயிற்சியை எந்த வரிசையில் தரவேண்டும் என்பதையெல்லாம் சோதனைப் பிரிவுதான் கண்டுபிடிக்க வேண்டும். கட்டுரையில் இதை லேர்கெஷ்வாடர் என்று எழுதியிருப்பது தவறு. லேர்கெஷ்வாடர் 1, 2 ஆகியவை போர் உத்திகளை வகுக்கவும் கற்றுக்கொடுக்கவும் ஏற்பட்ட பெரிய படைப்பிரிவுகள். போர் தொடங்கியதும் மற்றப் படைகளைப் போலவே அவை களத்துக்குப் போய்விட்டன.

16-ஆம் எண் பிரிவை 1942-ல் பால்டிக் கரையிலுள்ள பேனெமுண்டேயில் அமைத்தவர் வொல்ஃப்காங் ஸ்பேட்டே. போருக்கு முன், என்ஜின் இல்லாத சறுக்கு விமானங்களின் போட்டிகளில் பேர் வாங்கியவர், பிறகு கிழக்குப் போர்முனையில் சண்டை விமானி. அவரோடு ருடால்ஃப் ஓபிட்ஸ், யோசெஃப் பியோஸ், யோஹானஸ் கீல், ராபர்ட் ஒலேனிக், அன்டன் தாலர் போன்றவர்கள் சேர்ந்தார்கள். சறுக்கு விமானக்காரர்களுக்கு இங்கே முதலிடம் கிடைத்ததற்குக் காரணம் விமானத்தின் அமைப்பு. எரிபொருள் தீர்ந்தபின் கோமெட் முழுக்க முழுக்க ஒரு சறுக்கு விமானம். கிடைமட்ட வால் சிறகு கிடையாது, உடல் குட்டை, இறக்கை பின்னோக்கிச் சாய்ந்தது. வடிவமைத்த அலெக்ஸாண்டர் லிப்பிஷ் அந்தத் துறையிலிருந்து 1939 ஜனவரியில் மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கு வந்தவர்.

பிரிவு தொடங்குவதற்கு முன்பே எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. 1941 அக்டோபர் 2 அன்று சோதனை விமானி ஹைனி டிட்மார், மீ 163 ஏ வகையின் நான்காவது விமானத்தில் மணிக்கு 1,003 கி.மீ. வேகத்தைத் தொட்டார். அன்றைக்கு அது உலகில் யாரும் எட்டாத வேகம். கட்டுரையில் இதைப் போர்க்கள விமானத்தின் வேகமாகக் கொடுத்திருக்கிறீர்கள். உண்மையில் அது சோதனைக்கான ஏ வகை. எரிபொருளை மிச்சப்படுத்த அதை பி.எஃப். 110 என்ற இரட்டை என்ஜின் விமானம் 4,000 மீட்டர் உயரம் வரை இழுத்துச் சென்று விட்டது. ஆயுதமும் கிடையாது. களத்துக்குப் போன பி வகையின் உச்ச வேகம் 950 முதல் 960 கி.மீ. வரைதான். டிட்மாரின் பறப்பில் இன்னொன்றும் நடந்தது. ஒலியின் வேகத்தில் ஏறத்தாழ 84 சதவீதத்தை எட்டியபோது மூக்கு திடீரெனக் கீழே கவிழ்ந்தது. என்ஜினை அணைத்து வேகத்தைக் குறைத்த பிறகுதான் விமானம் அவர் கைக்கு வந்தது. இந்தக் குணம் கடைசிவரை தீரவில்லை. எதிரியைவிட வேகமாகப் போவதற்கென்றே கட்டிய விமானம், வேகம் கூடக்கூட விமானியின் கட்டுப்பாட்டை விட்டு நழுவியது.

எரிபொருளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். கட்டுரையில் அதை ஒரே வரியில், அபாயகரமான ரசாயனம் என்று கடந்துவிட்டார்கள். ஆனால் பிரிவின் அன்றாட வேலையில் பாதி அதைச் சுற்றியே நடந்தது.

பி வகையில் இருந்த வால்டர் 109-509 என்ஜினுக்கு இரண்டு திரவங்கள் தேவை. முதலாவது டி-ஸ்டோஃப். 80 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடு, மீதி தண்ணீர், அது தானாகச் சிதையாமலிருக்கக் கொஞ்சம் நிலைப்படுத்தி. இரண்டாவது சி-ஸ்டோஃப். 57 சதவீதம் மெத்தனால், 30 சதவீதம் ஹைட்ரஜீன் ஹைட்ரேட், 13 சதவீதம் தண்ணீர், வினையூக்கியாகச் சிறிதளவு செம்பு உப்பு. இரண்டும் ஒன்றையொன்று தொட்ட கணமே தீப்பற்றும். பொறி வேண்டாம், தீக்குச்சி வேண்டாம். என்ஜினுக்குள் அது வசதி. வெளியே அதுவே எமன்.

அளவைப் பாருங்கள். டி-ஸ்டோஃப் மொத்தம் 1,160 லிட்டர். விமானியின் முதுகுக்குப் பின்னால் 1,040 லிட்டர் தொட்டி, இருக்கையின் இரு பக்கமும் தலா 60 லிட்டர் தொட்டி. சி-ஸ்டோஃப் இறக்கைகளில், 173 லிட்டர் தொட்டிகள் இரண்டு, இறக்கையின் முன்விளிம்பில் 73 லிட்டர் தொட்டிகள் இரண்டு, ஆக 492 லிட்டர். எடைக்கணக்கில் எல்லாம் சேர்த்து 2,000 கிலோவைத் தொடும். நாலாயிரம் கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள விமானத்தில் கிட்டத்தட்ட பாதி எரிபொருள், அதில் பெரும்பங்கு விமானியின் முதுகிலும் விலாவிலும். டி-ஸ்டோஃப் தோலில் பட்டால் சதையை எரித்துவிடும். துணி, தோல், மரம் போன்ற கரிமப் பொருள் எதில் பட்டாலும் அது தானே பற்றிக்கொள்ளும். விமானிகளுக்கும் பணியாளர்களுக்கும் பருத்தி உடை உதவவில்லை. பி.வி.சி. வகைச் செயற்கை இழையில் தனி உடை நெய்து கொடுத்தார்கள். தையல் வழியாகத் திரவம் உள்ளே போனால் அந்த உடையாலும் பயனில்லை.

அடுத்த சிக்கல் பாத்திரம். டி-ஸ்டோஃப் இரும்பிலோ செம்பிலோ பட்டால் சிதையும். துருவும் தூசியும் போதும், கொதிக்கத் தொடங்கிவிடும். ஆகவே அதற்கு அலுமினியத் தொட்டிதான் சரி. சி-ஸ்டோஃபோ அலுமினியத்தையே அரிக்கும். அதற்குக் கண்ணாடி அல்லது எனாமல் பூசிய கலம் வேண்டும். ஒன்றுக்கு ஏற்ற பாத்திரம் மற்றதற்கு ஆகாது. போதாக்குறைக்கு இரண்டும் பார்வைக்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும். இருட்டில், அவசரத்தில், வாளியை மாற்றி எடுத்தால் அங்கே நின்றவர் யாரும் மிஞ்சமாட்டார்கள். அதனால் பிரிவு கடுமையான ஒழுங்கு ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டு திரவத்துக்கும் தனித்தனி டேங்கர் லாரி, தனித்தனி ஆட்கள், லாரியிலும் விமானத்தின் நிரப்பு வாய்களிலும் பெரிதாக எழுத்து அடையாளம். ஒரு லாரி நிரப்பிவிட்டு வெகுதூரம் விலகிப் போகும்வரை மற்றது விமானத்தை நெருங்கக் கூடாது. ஒவ்வொரு நிரப்புதலுக்கும் முன்னும் பின்னும் குழாய், மூடி, இறக்கை, தரை எல்லாவற்றையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். சிந்திய சொட்டு எதுவும் காய்ந்து நிற்க விடக்கூடாது.

இத்தனை ஒழுங்கையும் ஒரு சோதனைத் தளத்தில், தேர்ந்த ஆட்களைக் கொண்டு நடத்தலாம். நூறு விமானங்களைப் பல தளங்களில் பரப்பி, இரவு பகலாகக் குண்டு விழும் நாட்டில் நடத்த முடியுமா? ஓராண்டு முன்பே வந்திருந்தால் என்று எழுதுபவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே இல்லை.

என்ஜின் வேலை செய்யும் முறையும் இதே கதைதான். விமானி பொத்தானை அழுத்தினால் மின்மோட்டார் ஒன்று எரிபொருள் பம்பைச் சுழற்றத் தொடங்கும். சிறிதளவு டி-ஸ்டோஃப் வினையூக்கிக் கற்கள் நிறைந்த ஓர் அறைக்குள் போய்ச் சிதைந்து நீராவியாகும். அந்த ஆவி டர்பைனைச் சுழற்ற, டர்பைன் பம்பைச் சுழற்ற, இரண்டு திரவமும் எரியறைக்குள் பாயும். விசைப்பிடியை முதலில் மந்த நிலையில் நிறுத்தி அழுத்தமானிகளைப் பார்க்க வேண்டும். பிறகுதான் ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாகத் தள்ளலாம். முழு விசை சுமார் 1,700 கிலோ. இரண்டு திரவமும் உரிய விகிதத்தில் வராவிட்டால் எரியறை வெடிக்கும். அதைத் தடுக்க, ஓட்டம் தடுமாறினால் என்ஜின் தானாகவே அணைந்துவிடும் ஏற்பாடு இருந்தது. விமானி மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் தொட்டியிலுள்ள திரவம் மேலே எழும்பி, உறிஞ்சு குழாயின் வாயில் காற்று புகும். உடனே என்ஜின் நின்றுவிடும். மறுபடி மூட்ட இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். மொத்தமே ஏழரை நிமிடம் எரியும் விமானத்தில் இரண்டு நிமிடம் சும்மா போய்விடும்.

இந்த என்ஜின் 1943-லும் சரியாக வந்து சேரவில்லை. விமான உடல்கள் வரிசையாக நிற்க, என்ஜினுக்காகப் பிரிவு காத்திருந்தது. பி வகையின் முதல் என்ஜின் பறப்பு 1943 ஜூன் 24 அன்றுதான் நடந்தது. ஓட்டியவர் ஓபிட்ஸ். ஓடுபாதையில் வேகம் பிடிக்கும்போதே, புறப்படுவதற்காக அடியில் பொருத்திய சக்கர வண்டி கழன்றுகொண்டது. தரையிறங்குவதற்காக வயிற்றில் இருந்த சறுக்குக் கட்டையில் தேய்ந்தபடியே வேகமெடுத்து மேலே எழுந்தார். அதற்குள் டி-ஸ்டோஃப் ஆவி விமானி அறைக்குள் நிறைந்து கண்ணை மறைத்தது. எப்படியோ எரிபொருளைத் தீர்த்துவிட்டு இறங்கினார். உங்கள் கட்டுரை இதை வெற்றிகரமான முதல் பறப்பு என்று சொல்கிறது. ஓபிட்ஸ் உயிரோடு திரும்பியதுதான் அதில் வெற்றி.

கட்டுரையோடு வந்த படத்தின் கீழ், இரு சக்கரங்களில் தரையிறங்கும் கோமெட் என்று போட்டிருக்கிறது. அந்தச் சக்கரங்கள் தரையிறங்குவதற்கானவை அல்ல. எரிபொருள் தொட்டிகள் இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டதால், மடக்கி வைக்கும் சக்கரத்துக்கு உள்ளே இடமில்லை. ஆகவே புறப்படும்போது மட்டும் அடியில் ஓர் இருசக்கர வண்டி. அதற்கு வில்லும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. விமானம் மணிக்கு 280 கி.மீ. வேகத்தில் தரையை விட்டு எழும். ஐந்து முதல் பத்து மீட்டர் உயரத்தில் விமானி ஒரு நெம்புகோலைத் தள்ளுவார். சறுக்குக் கட்டை உள்ளே இழுத்துக்கொள்ள, வண்டி கழன்று கீழே விழும். உயரத்தில் விட்டால் வண்டி நொறுங்கும். தாழ்வில் விட்டால் தரையில் மோதித் துள்ளி, விமானத்தின் வயிற்றிலேயே வந்து அடிக்கும்.

1943 டிசம்பர் 30 அன்று பியோஸ் இறந்தது இதனால்தான். பேனெமுண்டே மீது ஆகஸ்ட் 17 இரவு 596 பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசிய அந்த மாதத்திலேயே பிரிவு ஓல்டன்பர்க் அருகிலுள்ள பாட் ஸ்விஷனானுக்கு மாறியிருந்தது. அங்கே ஏ வகையில் ஏறிய பியோஸ் வண்டியைக் கழற்றிவிட்டார். அது துள்ளி வந்து டி-ஸ்டோஃப் குழாயை உடைத்தது. என்ஜின் நின்றது. அந்தக் குறைந்த உயரத்திலேயே திடலுக்குத் திரும்பப் பார்த்து, வழியில் மோதி விழுந்தார். போர்க்களத்தில் 43 எதிரி விமானங்களை வீழ்த்தியவர் அவர். அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, நவம்பர் 30 அன்று, அலோயிஸ் வோர்ன்ட்ல் தரையிறங்கும்போது விமானம் கவிழ்ந்து இறந்திருந்தார். பயிற்சித் தளத்தில் ஒரே மாதத்தில் இரண்டு தேர்ந்த விமானிகள் போனார்கள். எதிரியின் ஒரு தோட்டாகூட இதில் சம்பந்தப்படவில்லை.

வண்டி கழலாமல் போவதும் உண்டு. 1942 அக்டோபர் 30 அன்று ரெஜென்ஸ்பர்க் அருகே ஓபர்ட்ராப்லிங்கில் பெண் சோதனை விமானி ஹன்னா ரைட்ஷுக்கு அப்படித்தான் நேர்ந்தது. என்ஜின் இல்லாமல் இழுத்துச் செல்லப்பட்ட பறப்பு அது. வண்டி அடியில் தொங்கியபடியே இறங்கி நொறுங்கினார். முகமும் மண்டையோடும் உடைந்து பல மாதம் மருத்துவமனையில் கிடந்தார்.

தரையிறங்குவதிலும் சிறு தவறுக்கு மன்னிப்பில்லை. எரிபொருள் தீர்ந்து இறங்கும் விமானத்துக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது. திடலை நெருங்கியபின் உயரம் போதவில்லை என்றோ அதிகம் என்றோ தெரிந்தாலும் மறுபடி சுற்றி வர முடியாது. சறுக்குக் கட்டையை முன்பே கீழே இறக்கியிருக்க வேண்டும். அது உள்ளேயே இருந்தால் தரையின் அடி அப்படியே முதுகெலும்பில் ஏறும். டிட்மாரே 1942-ன் இறுதியில் இப்படி இறங்கி முதுகெலும்பு நொறுங்கி நெடுங்காலம் படுத்துவிட்டார். அதன் பிறகுதான் முறுக்குவில் பொருத்திய இருக்கை வந்தது. தொட்டியில் எரிபொருள் மிச்சமிருக்க முரட்டுத்தனமாக இறங்கினால், குழாய் விரிசல் விட்டு இரண்டு திரவமும் கலந்து வெடிக்கும். ஈரப் புல்லில் இறங்கினால் கட்டை நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். நின்ற இடத்திலிருந்து விமானம் தானாக நகராது. ஷோய்க்-ஷ்லெப்பர் என்ற மூன்றுசக்கர வயல் டிராக்டர் வந்து தூக்கிப் போகும்வரை அது நடுத்திடலில் அசையாமல் கிடக்கும், மேலே எதிரி இருந்தாலும்.

இவ்வளவு சொன்னபின் அதன் நல்ல குணத்தையும் சொல்லத்தான் வேண்டும். என்ஜின் நின்ற கோமெட் அருமையாகப் பறந்தது. இறக்கையின் முன்விளிம்பில் லிப்பிஷ் வைத்த நிலையான பிளவுகளால், வேகம் குறைந்தாலும் அது சுழன்று விழாது. ஓட்டியவர்கள் எல்லோரும் அதைப் புகழ்ந்திருக்கிறார்கள், அந்தப் புகழ் நியாயமானது.

இனி பயிற்சி. இருவர் அமரும் மாதிரி, போரின் கடைசியில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வந்தது. அதுவரை ஆசிரியர் கூட உட்கார்ந்து சொல்லித்தர வழியில்லை. அதனால் பிரிவு ஓர் ஏணியை அமைத்தது. முதலில் சாதாரண சறுக்கு விமானம். அடுத்து ஹாபிஷ்ட் என்ற சாகசச் சறுக்கு விமானம், அதுவும் இறக்கையை வெட்டிக் குறைத்தது. முழு அளவில் 13.6 மீட்டர் இறக்கை. பயிற்சிக்கு 8 மீட்டர், பிறகு 6 மீட்டர். இறக்கை குறையக் குறைய இறங்கும் வேகம் கூடும், கோமெட்டின் வேகத்துக்குக் கண்ணும் கையும் பழகும். அதன்பின் ஏ வகையை பி.எஃப். 110 இழுத்துச் செல்ல, என்ஜினை மூட்டாமல் இறங்கிப் பழகுவார்கள். பிறகு தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி எடையைக் கூட்டி இறங்குவார்கள். அதற்கப்புறம்தான் ஏ வகையில் என்ஜின், கடைசியாக பி வகை.

உடம்புக்கும் பயிற்சி உண்டு. விமானி அறை காற்றழுத்தம் ஏற்றப்படாதது. 12,000 மீட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை நிமிடத்தில் ஏறும்போது, வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதற்கு ஏற்ப குடலிலுள்ள வாயு விரிந்து தாங்க முடியாத வலி வரும். எனவே அழுத்தக் குறைவு அறையில் உட்கார வைத்துப் பழக்கினார்கள். வாயு பிடிக்கும் பயறு, கோஸ் வகைகளைச் சாப்பாட்டிலிருந்து நீக்கினார்கள்.

இப்போது சண்டைக்கு வருவோம். 1944 மே மாதம் ஸ்பேட்டே முதல் போர்ப் பறப்புக்குக் கிளம்பினார். பணியாளர்கள் அவருக்குத் தெரியாமல் விமானம் முழுவதையும் சிவப்பாக அடித்து வைத்திருந்தார்கள், முதல் உலகப் போரில் சிவப்பு விமானத்தில் பறந்த ஜெர்மன் விமானி ரிஷ்ட்ஹோஃபன் நினைவாக. ஸ்பேட்டேவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் அதிலேயே ஏறினார். இரண்டு அமெரிக்கத் தண்டர்போல்ட் சண்டை விமானங்களை நெருங்கும் நேரம் என்ஜின் நின்றது. நான் மேலே எழுதிய அதே காரணம், மூக்கைத் தாழ்த்தியதும் திரவம் எழும்பிவிட்டது. காத்திருந்து மறுபடி மூட்டித் துரத்தினார். குறியை நோக்கி நெருங்கிய கணத்தில் வேகம் எல்லையைத் தாண்டியது, இடது இறக்கை சரிந்தது, விமானம் கீழே பாய்ந்தது. டிட்மார் 1941-ல் கண்ட அதே கோளாறு. ஒரு குண்டும் சுடாமல் திரும்பினார். இரண்டரை ஆண்டுச் சோதனையில் தெரிந்திருந்த இரண்டு குறைகளும் முதல் போர்ப் பறப்பிலேயே முன்னால் வந்து நின்றன.

சுடும் நேரத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். கோமெட்டுக்கும் குண்டுவீச்சு விமானத்துக்கும் வேக வித்தியாசம் மணிக்கு 500 கி.மீ. என்று வையுங்கள். அதாவது நொடிக்கு 140 மீட்டர். 600 மீட்டரில் சுடத் தொடங்கி, மோதாமல் தப்ப 200 மீட்டரில் விலகினால் கிடைப்பது மூன்று நொடிக்கும் குறைவு. இரண்டு 30 மி.மீ. பீரங்கிகளும் நொடிக்குப் பத்து என்ற கணக்கில் சுட்டாலும் மொத்தம் அறுபது குண்டுக்குள்தான். எம்.கே. 108 பீரங்கியின் குண்டு நொடிக்கு 540 மீட்டர் வேகத்தில்தான் கிளம்பும், தூரத்தில் தாழ்ந்துவிடும். பீரங்கி இடையில் சிக்கிக்கொள்வதும் உண்டு. ஒரு கனரகக் குண்டுவீச்சு விமானத்தை வீழ்த்தச் சராசரியாக நான்கு குண்டாவது பட வேண்டும். சாதாரண விமானிக்கு இந்த மூன்று நொடியில் அது ஆகிற காரியமில்லை. இதை உணர்ந்துதான் யேகர்ஃபவுஸ்ட் என்ற ஏற்பாட்டைக் கடைசியில் சோதித்தார்கள். ஒவ்வொரு இறக்கையிலும் மேல்நோக்கி ஐந்து குழாய்கள். எதிரி விமானத்தின் அடியில் கடக்கும்போது அதன் நிழல் ஒளியுணர் கண்ணில் விழுந்ததும் அவை தானாகச் சுடும். களத்தில் ஒரே ஒரு முறை, 1945 ஏப்ரல் 10 அன்று, ஃப்ரிட்ஸ் கெல்ப் அதைப் பயன்படுத்தி ஒரு விமானத்தை வீழ்த்தினார்.

பிரிவு பயிற்சி தந்த விமானிகளைக் கொண்டு அமைந்த யாக்ட்கெஷ்வாடர் 400 என்ற சண்டை விமானப் படை, லாய்னாவின் செயற்கைப் பெட்ரோல் ஆலைகளைக் காக்க லைப்சிக் அருகிலுள்ள பிராண்டிஸில் 1944 ஜூலை முதல் நின்றது. கோமெட்டின் எட்டும் தூரம் தளத்தைச் சுற்றிச் சுமார் 40 கி.மீ. மட்டுமே. எரிபொருள் தீர்ந்து சறுக்கி வருகிற விமானத்தை மேலே காத்திருக்கும் அமெரிக்க மஸ்டாங் சண்டை விமானங்கள் பிடித்துக்கொள்ளும். சுமார் 370 விமானங்கள் கட்டப்பட்டன. வீழ்த்திய எதிரி விமானங்கள் பொதுவாக ஏற்கப்படும் கணக்கில் ஒன்பது. தாராளமாகக் கணக்கிடுபவர்களும் பதினாறைத் தாண்டுவதில்லை. அந்தப் படையில் அதிக வெற்றி கண்ட சீக்ஃப்ரீட் ஷூபர்ட்டும் எதிரியால் இறக்கவில்லை. 1944 அக்டோபர் 7 அன்று புறப்படும்போது விமானம் வெடித்து இறந்தார்.

எரிபொருளும் போதவில்லை. வி-1 பறக்கும் குண்டை ஏவும் கருவிக்கும் டி-ஸ்டோஃப்தான் வேண்டும். ரசாயன ஆலைகள் மீதோ குண்டு விழுந்துகொண்டே இருந்தது. உற்பத்தி பலரிடம் பிரிந்து தரமும் சரிந்தது. அமெரிக்காவின் டேட்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் 191095 எண் கோமெட்டைப் பழுதுபார்த்தபோது, எரிபொருள் தொட்டிக்கும் அதைத் தாங்கும் பட்டைக்கும் நடுவே சிறு கல் ஒன்று செருகப்பட்டிருப்பதைக் கண்டார்கள். அதிர்வில் உராய்ந்து உராய்ந்து தொட்டியை ஓட்டையாக்கும் கல் அது. இறக்கையை ஒட்டிய பசையிலும் கலப்படத்துக்கு அடையாளம் இருந்தது. உடலின் உட்புறத்தில் பிரெஞ்சு மொழியில் நாட்டுப்பற்று வாசகம். கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்ட பிரெஞ்சுத் தொழிலாளர்கள் உயிரைப் பணயம் வைத்துச் செய்த எதிர்ப்பு. ஜெர்மானியப் பொறியியலின் அதிசயம் என்று எழுதும்போது இவர்களுக்கும் ஒரு பத்தி தரப்பட்டிருக்க வேண்டும்.

நம் வாசகர்களுக்கு ஓர் ஆர்வமூட்டும் இணைப்பும் இதில் உண்டு. 1943 ஏப்ரல் 28 அன்று மடகாஸ்கர் அருகே நடுக்கடலில் சுபாஷ் சந்திர போஸை ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து ஏற்றிக்கொண்ட ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29, அடுத்த ஆண்டு பிரான்சிலிருந்து கோமெட்டின் வரைபடங்களையும் பாகங்களையும் ஏற்றிக்கொண்டு ஜூலையில் சிங்கப்பூர் வந்தது. அங்கே கடற்படை அதிகாரி எய்ச்சி இவாயா கையில் எடுத்துப் போக முடிந்த காகிதங்களோடு விமானத்தில் முன்னால் போய்விட்டார். நீர்மூழ்கி ஜூலை 26 அன்று பிலிப்பைன்ஸின் லூசோன் தீவு அருகே மூழ்கடிக்கப்பட்டது. கிடைத்த அரைகுறைத் தாள்களை வைத்து ஜப்பானியர் ஷூசுய் என்ற பெயரில் அதே விமானத்தைக் கட்டினார்கள். 1945 ஜூலை 7 அன்று முதல் என்ஜின் பறப்பு. தொட்டியை முழுதாக நிரப்பவில்லை. செங்குத்தாக ஏறும்போது எரிபொருள் உறிஞ்சு வாயை விட்டுப் பின்வாங்கியது, என்ஜின் நின்றது. விமானி டோயோஹிகோ இனுசுகா திரும்பி வரும் வழியில் கட்டிடத்தில் உரசி விழுந்து, மறுநாள் இறந்தார்.

எர்ப்ரோபுங்ஸ்கொமாண்டோ 16, 1945 பிப்ரவரியில் கலைக்கப்பட்டது. தொடரின் அடுத்த பகுதி மீ 262 ஜெட் விமானம் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கும் 1943 டிசம்பரில் லெக்ஃபெல்டில் தொடங்கிய ஒரு சோதனைப் பிரிவு உண்டு. அதன் தளபதி வெர்னர் தியெர்ஃபெல்டர் 1944 ஜூலை 18 அன்று இறந்தார். அதன் யூமோ 004 என்ஜினுக்கு 25 மணி நேர ஆயுள் என்று கணக்கிட்டும், நடப்பில் பத்து மணி நேரத்திலேயே பல என்ஜின்களைக் கழற்ற வேண்டியதாயிற்று. விசைப்பிடியைச் சற்று வேகமாகத் தள்ளினால் அது அணைந்தோ எரிந்தோ போகும். கட்டுரையாளர் வேக அட்டவணையிலிருந்து தொடங்காமல் அந்தப் பிரிவிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோமெட் படத்தின் கீழுள்ள குறிப்பையும் வரும் இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
விமான வரலாறு படிக்கும் வாசகர்,
திருச்சிராப்பள்ளி